சமதரைக்கு எவ்வளவு சார்ஜ் வேண்டும்

வண்டி எங்கே நிற்க வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதை டிரைவர்தான் தீர்மானிக்க வேண்டும். இத்தனை காலம் வேன் ஓட்டுகிற எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அது. என் அக்கா மகன் விஜிதரனின் காரில் அந்தச் சட்டம் செல்லாது. அங்கே வண்டிதான் நமக்கு உத்தரவு போடும். இதற்கு மேல் வரமாட்டேன், பசிக்கிறது, எங்கேயாவது செருகு என்று சொல்லும்.

அது கரண்டில் ஓடுகிற கார். கண்டியில் ஒரு டாக்டர் பல வருடம் பாவித்து, பேட்டரி களைத்துப்போன பிறகு விற்ற ஜப்பான் கார். விஜிதரன் அட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். சார்ஜில் போட்டு எடுக்கிற எந்தப் பொருளைக் கண்டாலும் அவனுக்கு ஒரு பக்தி. பொகவந்தலாவையிலிருந்து அட்டன், அட்டனிலிருந்து நுவரெலியா என்று ஒரு வருடமாக அதில் சத்தமில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். அதுவரைக்கும் எனக்கு ஒரு தகராறும் இல்லை. அதே காரில் யாழ்ப்பாணம் போகப் போகிறோம் என்றபோதுதான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

போவது சும்மா சுற்றிப்பார்க்க அல்ல, பெண் கேட்க. லக்சனா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்த யாழ்ப்பாணத்து டீச்சர். உடைந்த போனைக் கொண்டுபோய் விஜிதரனின் கடையில் கொடுத்தவள், போன் சரியான பிறகும் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டே இருந்தாள். அவளுடைய அப்பா குணரத்தினம், ஓய்வுபெற்ற அதிபர். தேயிலைத் தோட்டத்துப் பையனுக்கா பெண் என்று இரண்டு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மனிதர், கடைசியில் ஒரு நாள் குறித்துக் கொடுத்திருந்தார். ஆனி மாதக் கடைசி நாள். பின்னேரம் ஆறு மணிக்குள் நல்ல நேரம். அதற்குள் முறைப்படி வந்து கேட்க வேண்டும். மறுநாள் ஆடி பிறந்துவிடும். வராவிட்டால், லண்டனில் இருந்து கேட்கிற பையனுக்குச் சரி என்று சொல்லிவிடுவாராம். லக்சனா லீவு போட்டு முன்கூட்டியே வீட்டுக்குப் போயிருந்தாள்.

"என் வேன்ல போவோம்டா. டீசல அடிச்சா நேரா அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கும்" என்றேன்.

"மாமா, வேனுக்குப் பின்னால பாடசாலை சேவைன்னு பெருசா எழுதியிருக்கு. பொண்ணு கேக்கப் போறோமா, பிள்ளைங்கள ஏத்தப் போறோமா?"

அது நியாயம்தான் என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அவன் போனை எடுத்து எனக்கு முன்னால் நீட்டினான். இலங்கைப் படம். அதில் அம்மை போட்டதுபோல் புள்ளிகள்.

"இந்தப் பச்சைப் புள்ளி எல்லாம் வேகமா சார்ஜ் ஏத்துற எடம். கண்டி, தம்புள்ள, வவுனியா, கிளிநொச்சி. நாலு எடத்துல சாப்பிட்டு சாப்பிட்டுப் போயிரலாம்."

"இந்தச் சாம்பல் புள்ளி?"

"மெஷின் இருக்கு. வேல செய்யுதான்னு தெரியாது."

"இந்த ஆரஞ்சு?"

"வேல செய்யுது. வேற யாரோ போட்டிருக்காங்க."

"அப்ப பச்சைன்னா, நம்ம போற வரைக்கும் அது பச்சையாவே இருக்குமா?"

அவன் படத்தை விரலால் பெரிதாக்கினான். புள்ளிகள் பெரிதாகவில்லை, இடைவெளிதான் பெரிதானது.

நாங்கள் நாலு பேர் விடியற்காலையில் புறப்பட்டோம். பொகவந்தலாவையில் ஆனி மாதம் என்றால் மழை. அக்கா நாகலெட்சுமி பட்டுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். மடியில் ஒரு தாம்பாளம். வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், ஒரு சேலை, எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பாக்கெட் ஒன்று. எல்லாவற்றையும் மஞ்சள் துணியால் மூடிக் கட்டியிருந்தாள். பின்னால் வை என்று எத்தனை முறை சொன்னாலும் மடியை விட்டு இறக்கவில்லை. அவளுடைய புருஷன் மாயாண்டி மச்சான் தோட்டத் தொழிற்சாலையில் மெஷினோடு மெஷினாக இருந்து ஓய்வு பெற்றவர். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஸ்டார்ட் பண்ணுடா."

"ஸ்டார்ட் ஆகித்தாம்ப்பா நிக்குது."

மச்சான் குனிந்து பானட்டில் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? கார் தானாக நகர்ந்து பழத்தை நசுக்கியது.

அட்டனைத் தாண்டி கினிகத்தேனை இறக்கத்தில் ஒரு அதிசயம் நடந்தது. திரையில் இருந்த சார்ஜ் ஏறியது. நான் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். போகப் போக டாங்க் நிறைகிற வண்டியை நான் பார்த்ததே இல்லை. இறக்கத்தில் சக்கரம் சுற்றுகிற சுற்றில் கரண்ட் திரும்பி பேட்டரிக்குள் போகிறது என்று விஜிதரன் விளக்கினான்.

"அப்ப யாழ்ப்பாணம் வரைக்கும் எறக்கமா இருந்தா சார்ஜே போட வேணாமா?" என்று மச்சான் கேட்டார்.

"வேணாம்ப்பா."

"யாழ்ப்பாணம் கீழதான இருக்கு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மலையில் இருக்கிற எங்களுக்கு நாட்டில் எந்த ஊரும் கீழேதான்.

விஜிதரனின் கணக்கும் அப்படிப்பட்டதுதான். ஒரு வருடமாக மலையில் ஓட்டி அவன் கற்றுக்கொண்ட பாடம் இரண்டு. ஏற்றம் தின்னும், இறக்கம் திருப்பிக் கொடுக்கும். இரண்டும் இல்லாத சமதரை? அது தின்னவும் தின்னாது, கொடுக்கவும் கொடுக்காது, சும்மா இருக்கும் என்று நினைத்துவிட்டான். சமதரையில் அந்தக் காரை அவன் ஒரு நாளும் ஓட்டியதில்லை. எங்கள் பக்கம் சமதரை என்றால் பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான்.

கண்டியில் முதல் பந்தி நன்றாக நடந்தது. மெஷின் இருந்தது, யாரும் இல்லை, பெட்ரோல் செட்டில் இருப்பதைப் போலவே குழாயும் துப்பாக்கியும் இருந்தன. தேத்தண்ணி குடித்து வருவதற்குள் முக்கால்வாசிக்கு மேல் ஏறிவிட்டது. அதற்குள் பின்னால் இன்னொரு கார் வந்து நின்றது. விஜிதரன் துப்பாக்கியைக் கழற்றிவிட்டான்.

"முழுசா ஏத்தலையா?" என்றேன்.

"இனிமே எங்க மாமா ஏத்தம்? சமதரைக்கு இது தாராளம்."

நானும் தலையாட்டினேன்.

தம்புள்ளையில் எங்களுக்குக் கிறுக்குப் பிடித்தது. போனில் புள்ளி பச்சை. இடமும் சரி, ஒரு ஹோட்டல் வாசல். மெஷினும் நிற்கிறது, விளக்கும் எரிகிறது. துப்பாக்கியை எடுத்து காரின் வாயில் வைத்தால் பொருந்தவில்லை. திருப்பிப் பார்த்தான், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். நான் வாங்கி அமுக்கிப் பார்த்தேன். மச்சான் எச்சில் தொட்டுத் தடவவா என்று கேட்டார்.

அது புது மாடல் கார்களுக்கான வாயாம். எங்கள் கார் பழைய வாய். அதற்கென்று மெஷினின் மறுபக்கத்தில் இன்னொரு துப்பாக்கி இருந்தது. அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

காவல்காரர் வந்து பார்த்து, "ஏக்க வெட நே, மாத்தயா" என்றார். அது வேலை செய்யாதாம். எப்போதிலிருந்து என்று விஜிதரன் சிங்களத்தில் கேட்டான். அவர் வானத்தைப் பார்த்தார். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தானாம்.

"அப்ப ஏன்டா பச்சை?" என்று நான் விஜிதரனிடம் பாய்ந்தேன்.

"மெஷின் வேல செய்யுதே மாமா. அதனால பச்சை."

"நமக்கு வேல செய்யலையே."

"நம்ம யாருன்னு அதுக்குத் தெரியாதே."

காவல்காரர் நல்ல மனிதர். இரண்டு பேருக்குப் போன் எடுத்து, மரக்கறிச் சந்தைக்குப் பின்னால் பழைய வாய் உள்ள மெஷின் ஒன்று இருப்பதாகக் கண்டுபிடித்துச் சொன்னார். போன் படத்தில் அங்கே புள்ளியே இல்லை. லொறிகளுக்கு நடுவே புகுந்து, பின்னால் வந்து, வழி கேட்டு, அங்கே போனபோது பச்சை, சாம்பல், ஆரஞ்சு எதுவும் இல்லாத அந்த இடத்தில் சார்ஜ் ஏறியது. எனக்குத் தலை சுற்றியது. இருப்பதாகச் சொன்ன இடத்தில் இல்லை, இல்லாத இடத்தில் இருக்கிறது. நேரம் மட்டும் தாராளமாகப் போயிருந்தது. அதனால் விஜிதரன் அங்கேயும் அரைகுறையில் கழற்றினான்.

அதற்கப்புறம் வந்ததுதான் சமதரை. ரோட்டு கோடு போட்டதுபோல் நேராகக் கிடந்தது. வளைவு இல்லை, மேடு இல்லை, ஹார்ன் அடிக்க ஒரு முடக்கு இல்லை. வெயில் கண்ணாடி வழியாக உள்ளே இறங்கி உட்கார்ந்தது. முதலில் மஃப்ளர் கழன்றது, பிறகு ஸ்வெட்டர்கள் கழன்றன. அதற்கப்புறம் கழற்ற எதுவும் இல்லாததால் ஏசியைப் போட்டோம். அந்தக் காரில் ஏசி இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரோட்டு நன்றாக இருக்கிறதே என்று விஜிதரன் மிதித்தான்.

சார்ஜ் இறங்கியது. சும்மா இறங்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது.

"எறக்கம் எப்படா வரும்?" என்று மச்சான் கேட்டார்.

"வரும்ப்பா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். விஜிதரன் திரையைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். எட்டுகிற தூரம் வரை ரோட்டு அப்படியே படுத்துக் கிடந்தது.

"இந்தப் பக்கம் எறக்கமே கெடையாதா?" மச்சானின் குரலில் உண்மையான பயம் இருந்தது. "பின்ன இங்க உள்ளவங்க எப்படித்தான் பொழைக்கிறாங்க?"

ஏசியை நிறுத்தினோம். ஜன்னலைத் திறந்தால் காற்று இழுத்து இன்னும் தின்னும் என்று விஜிதரன் எங்கேயோ படித்திருந்தான். ஆகவே ஜன்னலையும் மூடிக்கொண்டு வெந்தோம். வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகும் என்று ரோட்டு ஓரமாக ஊர்ந்தோம். பஸ்காரர்கள் ஹார்ன் அடித்து வைதுகொண்டே கடந்துபோனார்கள். ஒரு டிராக்டர்கூட எங்களை முந்தியது. அதைப் பார்த்து எனக்கு வந்த வெட்கத்தை இங்கே எழுத முடியாது. அக்கா சேலைத் தலைப்பால் தாம்பாளத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். வெற்றிலை வாடிவிடக் கூடாதாம்.

வவுனியாவில் மெஷின் சரி, துப்பாக்கியும் சரி. ஆனால் எங்களுக்கு முன்னால் ஒருவர் காரைச் செருகிவிட்டு உள்ளே சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டலாமா கூடாதா என்று விஜிதரனும் நானும் சண்டை பிடித்து முடிப்பதற்குள் அவரே விழித்துவிட்டார். எங்கள் முறை வந்தபோது வெயில் சாயத் தொடங்கிவிட்டது. லக்சனா போன் எடுத்தாள். விஜிதரன் எல்லோருக்கும் கேட்கப் போட்டான்.

"எங்க நிக்கிறியள்?"

"வவுனியா. வந்துருவோம். ஐயா என்ன செய்றாங்க?"

"அப்பா வாசலுக்கும் றோட்டுக்குமா நடந்துகொண்டு திரியிறார். பக்கத்து வீட்டு ஆக்களும் மதிலுக்கு மேலால எட்டிப் பாக்கினம். கெதியா வாங்கோ."

மனிதர் எங்களுக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இந்த முறையும் நிரம்பும் வரை நிற்க நேரமில்லை. கிளிநொச்சியில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று புறப்பட்டோம்.

கிளிநொச்சிக்குக் கொஞ்சம் முன்னால் முறிகண்டிப் பிள்ளையார் கோயில். யாழ்ப்பாண ரோட்டில் போகிற எந்த வாகனமும் அங்கே நின்று ஒரு தேங்காய் உடைக்காமல் போகாது. லக்சனாவும் சொல்லியிருந்தாள், முறிகண்டியில் நின்றீர்களா என்று அப்பா கட்டாயம் கேட்பார் என்று. நின்றோம், உடைத்தோம், கற்பூரம் காட்டினோம். திரும்பி வந்து காரை எடுத்தால் திரையில் ஒரு ஆமை படம் வந்தது.

"என்னடா இது?"

"சார்ஜ் முடியப் போகுதுன்னு அர்த்தம் மாமா. இனிமே ஆமை மாதிரித்தான் ஓடும்."

"கிளிநொச்சி வரைக்கும்?"

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அந்தக் கார் கோயில் வாசலிலிருந்து நிலக்கடலை விற்கிற கச்சான் கடை வரைக்கும் போய் நின்றுவிட்டது.

கச்சான் வறுத்து விற்கிற அம்மாளின் பெயர் வீரம்மா. நாங்கள் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டதைக் கேட்டுவிட்டுச் சட்டியைக் கீழே இறக்கி வைத்தாள்.

"நீங்க மலநாட்டு ஆளுகளா? நாங்களும் அங்கிட்டுத்தான், சாமிமலை. கலவரத்துல எங்கப்பா தூக்கிட்டு வந்தப்ப நான் கைப்பிள்ள."

கடையில் குளிர்பானப் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எங்கள் காரைச் செருகச் சொன்னாள். விஜிதரன் டிக்கியிலிருந்து வயரை எடுத்து மாட்டினான். ஒரு சின்ன நீல விளக்கு மினுக்கியது.

"எவ்வளவு நேரமாகும்?"

"இது வீட்டுக் கரண்டு மாமா. யாழ்ப்பாணம் போற அளவுக்கு ஏற விடிஞ்சிரும்."

விடிந்தால் ஆடி. அப்போதுதான் அவன் அழுதான். இருபத்தொன்பது வயதுப் பையன், கச்சான் மூட்டைகளுக்கு நடுவே நின்று, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதான். காலையிலிருந்து அவன் மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வேறு வாகனம் பிடிப்போம் என்று நான் ரோட்டுக்கு ஓடினேன். பஸ்கள் நிறைந்து வந்தன. நின்ற வேன்களில் எல்லாம் ஆட்கள் இருந்தார்கள்.

லக்சனாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொல்லியிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்ப எடுத்தாள்.

"அப்பா காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டார். எங்க போறியள் எண்டு கேட்டன், ஒண்டும் சொல்லேல்லை."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல இவ்வளவு தூரம் யாராவது வருவார்களா? போனிலேயே சொல்லிவிடலாமே. ஏற்றிப் போக வருகிறார் என்றான் விஜிதரன். கோபத்தில் நேரே லண்டன்காரர்களைப் பார்க்கப் போயிருப்பார் என்றார் மச்சான். லண்டனுக்குக் காரில் எப்படிப் போவது என்று நான் கேட்டேன். அக்கா கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குணரத்தினம் வந்தார். பழைய வெள்ளைக் கார், வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. இறங்கி எல்லோருக்கும் கை கூப்பினார். ஏசவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. எங்கள் காரைச் சுற்றிப் பார்த்து, நீல விளக்கைப் பார்த்து, மெல்லச் சிரித்தார்.

"புது வாகனங்கள் இப்பிடித்தான். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. இன்னும் நல்ல நேரம் கிடக்கு. இது பிள்ளையார் சந்நிதி, இதைவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்? இஞ்சயே தட்டைத் தந்திட்டியள் எண்டால் விசயம் முடிஞ்சுது. எனக்குச் சம்மதம். நீங்களும் வாகனத்தைப் பாத்துக்கொண்டு விடிய வெள்ளண ஊருக்குத் திரும்பலாம். கலியாணத்தை ஆவணியில வைப்பம்."

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. இரண்டு வருடம் முறுக்கிக்கொண்டிருந்த மனிதர், எங்களுக்காக அவ்வளவு தூரம் ஓட்டி வந்து, சம்மதம் என்கிறார். மச்சான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

"நல்லதுங்க ஐயா. ரொம்ப நல்லதுங்க."

விஜிதரனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தச் சந்தோஷத்தில் நான் வீரம்மாவிடம் எல்லோருக்கும் கச்சான் கட்டச் சொன்னேன். குணரத்தினம் கோயில் பக்கம் திரும்பி நின்று, தட்டை வாங்கக் கை இரண்டையும் நீட்டினார்.

அக்கா எழும்பவில்லை.

"வீட்டுல அம்மா வரலீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை. அவ வீட்டில நிக்கிறா."

"பொண்ணு?"

"அவளும்தான். அவசரத்தில வெளிக்கிட்டது."

"கார்ல எடம் இருக்குங்களே ஐயா. தனியா வந்த நீங்க எங்கள ஏத்திட்டுப் போயிருக்கலாமே. ஒரு மணி நேரந்தானே உங்க வீடு."

குணரத்தினம் நீட்டிய கை அப்படியே நின்றது. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. வாசலுக்கும் றோட்டுக்கும் அவர் நடந்ததும், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்களும். அவர் எங்களுக்காகத் தவிக்கவில்லை. எங்கள் கார் அவருடைய வீட்டுச் சந்துக்குள், அவர்கள் சொல்லும் ஒழுங்கைக்குள், நுழைவதை நினைத்துத் தவித்திருக்கிறார். நாங்கள் நடுவழியில் நின்றது அவருக்கு நல்லதாகப் போய்விட்டது. பெண்ணைக் கொடுக்கச் சம்மதம், ஆனால் ஊர் பார்க்க எங்களை உள்ளே கூப்பிட முடியாது. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் பையனின் வாழ்க்கை போய்விடும்.

"அம்மா, குடுத்துருங்கம்மா" என்றான் விஜிதரன் மெதுவாக. அவனுக்கும் விளங்கிவிட்டது என்பது அந்தக் குரலில் தெரிந்தது. விளங்கியும் கேட்டான். பாவம், அவன் என்ன செய்வான்?

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குணரத்தினத்தைப் பார்த்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"வண்டி விடியறதுக்குள்ள நெறஞ்சிரும்னு மகன் சொல்றான். நாங்க இங்கயே இருந்துட்டு காலையில வர்றோம்ங்க."

"நாளைக்கு ஆடியெல்லோ?"

"ஆடில பொண்ணு கேக்க வேணாங்க. சும்மா வர்றோம். வந்து, உங்க வீட்டுல உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போறோம். அது போதும். தட்டை ஆவணில கொண்டாந்து தர்றேன். அதுக்குள்ள நீங்க லண்டனுக்குச் சொல்றதுன்னாலும் சொல்லிக்கிடுங்க. ஆனா கச்சான் கடையில வச்சு எம்மகனக் குடுக்க மாட்டேன்."

வீரம்மா சட்டியைக் கிளறுவதை நிறுத்திவிட்டாள். விஜிதரன் தலையைக் குனிந்துகொண்டான். குணரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. காது மந்தமான மனிதர் போலும், போனின் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்திருந்தார். அவர் மனைவி சரோஜாதேவி பேசியது கச்சான் கடை முழுக்கக் கேட்டது.

"எங்க நிக்கிறியள்? பிள்ளை இஞ்ச அழுது கொண்டிருக்கிறாள். காலமை தொடக்கம் நான் அடுப்படிய விட்டு வெளிய வரேல்லை. பத்துப் பேருக்குச் சமைச்சு வச்சிருக்கிறன். ஆரைக் கேட்டுக்கொண்டு நீங்கள் தனியப் போனனீங்கள்?"

"சரோ, நான் இஞ்ச முறிகண்டியில…"

"எனக்குத் தெரியும் நீங்கள் எங்க நிக்கிறியள் எண்டு. ஏன் போனனீங்கள் எண்டும் தெரியும். சோறு ஆறுது. அவையளைக் கூட்டிக்கொண்டு வாறதெண்டால் வாங்கோ. இல்லாட்டி நீங்களும் அங்கயே நில்லுங்கோ."

போன் நின்றுவிட்டது. அவர் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஒரு அதிபர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்ததா, இன்னும் கோபம்தானா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கோயில் மணி அடித்தது. ஆறு மணி தாண்டியிருந்தது. நல்ல நேரம் எங்கள் எல்லோருக்கும் முன்னால், கச்சான் கடை வாசலிலேயே முடிந்துபோனது.

அவர் போய்த் தன் காரின் பின்கதவைத் திறந்தார். சீட்டில் கிடந்த குடையையும் பத்திரிகையையும் எடுத்து டிக்கியில் போட்டார். பிறகு முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அக்காவைப் பார்த்து, "நீங்கள் முன்னுக்கு இருங்கோ. தட்டு வச்சிருக்கிறியள்" என்றார்.

"வண்டி?" என்றார் மச்சான்.

"நான் பாத்துக்கிறேன், போயிட்டு வாங்க. சார்ஜு இல்லாத வண்டிய எந்தத் திருடன் தள்ளிட்டுப் போவான்?" என்றாள் வீரம்மா.

ஆனையிறவைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் தண்ணீரும் உப்புமாகத் தரை ஒரே மட்டமாகக் கிடந்தது. குணரத்தினம் ஒரே ஒரு தடவை, முறிகண்டியில் தேங்காய் உடைத்தீர்களா என்று கேட்டார். உடைத்தோம் என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

உரும்பிராயில் அவருடைய ஒழுங்கைக்குள் கார் திரும்பியபோது விளக்கு வைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் பனை மட்டை வேலியும் மதிலுமாக ஒடுங்கிய ஒழுங்கை. ஒரு வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் கண்டதும் கார் வேகம் குறைந்தது. திரும்பிவிடப் போகிறாரோ என்று எனக்குப் பகீரென்றது.

கார் திரும்பவில்லை. வீட்டு வாசலில் போய் நின்றது. கேற் விரியத் திறந்து கிடந்தது, உள்ளே முற்றத்து விளக்கடியில் லக்சனாவும் அவள் அம்மாவும் நிற்பது எங்களுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் உள்ளே விடாமல் ஒழுங்கையிலேயே நிறுத்திக்கொண்டு ஹார்னை அழுத்தினார். நீளமாக, கையை எடுக்காமல் அழுத்தினார். மதில்களுக்கு மேலால் ஒவ்வொரு தலையாக எழும்பியது.

சரோஜாதேவி கைத்துணியோடு வாசலுக்கு ஓடி வந்தார். "கேற் திறந்துதானே கிடக்கு. ஏன் இப்பிடி அடிக்கிறியள்?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு தரம் அடித்தார்.